மலைப்பாட்டுக்கு ஒரு மைக்

"அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டியில கண்ட்ரி மியூசிக் குழு இருக்காம் அண்ணே. அதுல வாசிச்சா மார்க் உண்டாம். குழுவே போய் உள்ளூர் ரேடியோவிலயும் பாடுதாம். கிராமத்துப் பாட்டுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி?"

கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் தம்பி கேட்டுவிட்டான். தஞ்சோங் மாலிமில் படிக்கிற பிள்ளை. பாட்டி இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். அவன் கேட்டதில் கொஞ்சம் கேலியும் இருந்தது, அதில் தப்பில்லை. ஒரு கிளாஸில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னொரு கிளாஸும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

கௌபாய் தொப்பியையும் குதிரையையும் முதலில் மறந்துவிடு என்றேன். அவை பின்னால் சினிமா மாட்டிவிட்டவை. அந்தப் பாட்டின் ஆழமான வேர் அப்பலாச்சியன் மலைத்தொடரில் இருக்கிறது: டென்னசி, வெர்ஜீனியா, கென்டக்கி, வட கரோலினா மாநிலங்களின் மலைப்பக்கம். ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் கப்பலேறிய ஏழைக் குடும்பங்கள் ஃபிடிலையும் நீளமான கதைப்பாட்டுகளையும் அங்கே கொண்டுபோயின. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் வழியாக வந்தது. இரண்டும் ஒரே திண்ணையில் சேர்ந்தபோது பிறந்ததுதான் இந்த இசை. செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் அலைந்து, இங்கிலாந்தில் மறைந்துகொண்டிருந்த கதைப்பாட்டுகள் அங்கே சமையலறையில் உயிரோடு இருப்பதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அப்போ அவங்களும் நம்மள மாதிரி தோட்டத்து ஆளுங்களா?"

தோட்டம் இல்லை, நிலக்கரிச் சுரங்கம். ஆனால் கணக்கு உனக்குத் தெரிந்த கணக்குதான். கம்பெனி கட்டிய வீடு, கம்பெனி நடத்திய கடை. பல இடங்களில் சம்பளமே கம்பெனி அடித்த சீட்டாக வரும். அது அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். கென்டக்கி சுரங்கக் குடும்பத்தில் பிறந்த மெர்ல் டிராவிஸ் இந்தக் கடன்வாழ்வை வைத்து 1946இல் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு அதைப் பாடினார். நாடு முழுக்க முதலிடத்துக்குப் போனது. அந்த ஃபோர்டு பிரிஸ்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர், அங்கேயே உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளராக வேலையைத் தொடங்கியவர். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த பிரிஸ்டலில்தான் நம் கதையின் நடுப்பகுதி இருக்கிறது. ஊரின் கடைத்தெருவே இரண்டு மாநிலங்களின் எல்லை. ஒரு நடைபாதை டென்னசி, எதிர் நடைபாதை வெர்ஜீனியா. 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் அங்கே ஒரு கட்டடத்தில் பதிவுக் கருவிகளை இறக்கினார். இரண்டு வாரத்துக்குள் 19 குழுக்கள், 76 பதிவுகள். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் ஆகிய மூவரும் இருந்தார்கள். மேபெல் அப்போது கர்ப்பிணி. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரும் அதே நாட்களில்தான் பாடினார். கண்ட்ரி இசை வியாபாரமானது அங்கிருந்து என்றுதான் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். இரண்டே வருஷம் கழித்து, 1929இல், ஆர்ச்சி ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே பாட்டு தட்டில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நம் ஆட்கள் காட்டை வெட்டிச் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பாடியிருப்பார்கள். பதிய ஒரு பியர் வரவில்லை.

இசைத்தட்டு மட்டும் போதாது, தம்பி. தட்டு வாங்கக் காசு வேண்டும். அந்தப் பாட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது ரேடியோ. அதை நடத்தியவர்கள் இசைப்பித்தர்கள் என்று நினைத்துவிடாதே. நாஷ்வில் நகரத்து டபிள்யூஎஸ்எம் நிலையம் அப்போது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது. 1925 நவம்பர் 28ஆம் தேதி அங்கே அங்கிள் ஜிம்மி தாம்ப்ஸன் என்ற 77 வயதுக் கிழவரை ஃபிடிலோடு மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சிதான் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயரில் இன்றுவரை ஓடுகிறது. வேறு நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் மாவு விற்பவர்கள். விடியற்காலை ஐந்தே முக்கால் என்பது விவசாயி எழுந்து அடுப்பு மூட்டுகிற நேரம். அந்த நேரத்தில் மார்த்தா ஒயிட் மாவுக் கம்பெனி செலவில் ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் இருவரின் குழு 1953 முதல் டபிள்யூஎஸ்எம்மில் வாசித்தது. மாவு விற்றது, பாஞ்சோவும் பிழைத்தது.

பாடகர்களுக்கு ரேடியோ கொடுத்த கூலி அற்பம், சில நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஏன் பாடினார்கள்? பாட்டுக்கு நடுவே ஒரு நிமிஷம் கிடைக்கும். "வெள்ளிக்கிழமை ராத்திரி இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாசிக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒலிபரப்பு எட்டுகிற தூரம்தான் அந்தக் குழுவின் சந்தை. அந்த வட்டத்துக்குள் இருக்கிற பள்ளிக்கூடம், கொட்டகை எல்லாவற்றிலும் வாசித்துத் தீர்ந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னொரு நிலையத்துக்குப் போவார்கள். பிரிஸ்டலில் 1946 டிசம்பரில் தொடங்கிய 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' என்ற நிகழ்ச்சியை வைத்து ஸ்டான்லி சகோதரர்கள் மாதிரிப் பலர் இப்படித்தான் வயிறு வளர்த்தார்கள்.

சில நிலையங்கள் எல்லையே தாண்டின. கார்ட்டர் குடும்பம் 1938இலிருந்து மெக்சிகோ எல்லையில் எக்ஸ்ஈஆர்ஏ என்ற ராட்சத நிலையத்தில் பாடியது. அதன் முதலாளி பிரிங்க்லி, ஆண்மைக் குறைவுக்கு ஆட்டுச் சுரப்பியை வைத்துத் தைத்துப் பணக்காரரான 'டாக்டர்'. அமெரிக்காவில் உரிமம் பறிபோனதும் ஆற்றைத் தாண்டிக் கோபுரம் நட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் கட்டிய கோபுரத்திலிருந்து வந்த பாட்டை ஆர்கன்சாஸ் பருத்திக்காட்டில் ஒரு சிறுவன் கேட்டான். அவன்தான் பின்னாளில் பெரிய பாடகரான ஜானி கேஷ். ரேடியோவில் கேட்ட அதே குடும்பத்துப் பெண்ணை, மேபெல் மகள் ஜூனை, 1968இல் கல்யாணமும் செய்துகொண்டார்.

தம்பி சிரித்தான். "சரி அண்ணே, யூனிவர்சிட்டி எங்க வருது?"

வருகிறேன். அதற்கு முன்னால் மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை, அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மைக். யாருக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு கிடையாது. பாடுகிறவர் நெருங்கி வரவேண்டும். அவர் வரி முடிந்ததும் தோளைத் திருப்பி விலக, ஃபிடில்காரர் வில் யார் கண்ணிலும் குத்தாமல் உள்ளே நுழைய வேண்டும். அவர் முடித்ததும் பாஞ்சோ. கோரஸுக்கு மூன்று தலைகள் ஒன்றாகக் குனிய வேண்டும். லயத்துக் குழாயடியில் ஐந்து பெண்கள் குடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாயா, இடிக்காமல், வரிசை தவறாமல், பேச்சும் நிற்காமல்? அதே ஒழுங்கு. இது எந்தப் புத்தகத்திலும் வராது, உடம்புதான் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் கண்ட்ரி இசையின் கிளையான புளூகிராஸை வாசிக்கும் குழுக்கள் பல வேண்டுமென்றே ஒற்றை மைக்கில் வாசிக்கின்றன.

இந்த உடம்புப் பாடம் நின்றுபோகுமோ என்ற கவலை வந்த காலத்தில்தான் கல்லூரிகள் உள்ளே வந்தன. 1950களில் ராக் அண்ட் ரோல் வந்து பழைய ரேடியோ நிகழ்ச்சிகளை அடித்துக்கொண்டு போனது. மலைப்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். திண்ணையில் தாத்தாவோடு உட்கார நேரமில்லை. டெக்சஸ் மாநிலத்தில் சவுத் பிளெய்ன்ஸ் கல்லூரி 1970களின் நடுவிலேயே கண்ட்ரி இசைக்கும் புளூகிராஸுக்கும் படிப்புத் தொடங்கியது. பின்னாளில் பெரிய பாடகியான லீ ஆன் வோமாக் அந்தக் கல்லூரிக் குழுவில் ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், ஜான்சன் சிட்டியில் இருக்கும் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் டாட்டில் என்ற மேண்டலின் கலைஞர் 1982இல் ஒரு சின்ன வகுப்பாகத் தொடங்கியதுதான் பிறகு முழுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. பின்னாளில் பெரிய பாடகரான கென்னி செஸ்னியும் அங்கே படித்தவர்தான், படித்தது விளம்பரத் துறை. மாணவர் புளூகிராஸ் குழுவில் வாசித்தது கூடுதல்.

படிப்பு என்றால் நோட்டு எடுப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் குரலையும் கையையும் சோதித்துப் பார்த்துக் குழுவில் போடுவார்கள். வாரா வாரம் ஒத்திகை. பழைய பதிவைக் கேட்டுக் காதாலேயே பாட்டை எடுக்க வேண்டும். யார் முன்னே வருவது, யார் பின்னணியில் தாளம் பிடிப்பது, யார் மேல்சுருதியில் சேர்வது என்பது அங்கேதான் படிகிறது. அதற்கு மற்றப் பாடங்களைப் போலவே மதிப்பெண். அதுதான் உன்னை உறுத்துகிறது, இல்லையா? எனக்கு அது சரியாகப் படுகிறது. மதிப்பெண் இருப்பதால் மாணவன் வருகிறான். வருவதால் பாட்டு ஒரு வருஷத்திலிருந்து அடுத்த வருஷத்துக்குக் கை மாறுகிறது.

அந்தக் குழு ஏன் உள்ளூர் ரேடியோவுக்குப் போகிறது? வகுப்பறை மன்னிக்கும், நேரடி ஒலிபரப்பு மன்னிக்காது. மூன்று நிமிஷப் பாட்டை மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும், தந்தி அறுந்தால் அறிவிப்பாளரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும், இருமலும் சேர்ந்துதான் போகும். இரண்டாவது காரணம், கேட்கிறவர்கள் சொந்த ஊர்க்காரர்கள். அந்தப் பாட்டை அம்மா வாயால் கேட்டவர்கள். தப்பாகப் பாடினால் போன் வரும். கிழக்கு டென்னசிப் பல்கலைக்கழகத்துக்கு 1974 முதல் சொந்தமாகவே டபிள்யூஇடிஎஸ் என்ற வானொலி இருக்கிறது. பிரிஸ்டலில் 2014இல் திறந்த கண்ட்ரி இசை அருங்காட்சியகத்துக்குள் ஒரு குட்டி நிலையம். பார்வையாளர் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அந்தப் பழைய 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' நிகழ்ச்சியைத் திரும்ப உயிர்ப்பித்ததும் அந்த நிலையத்தார்தான். அமெரிக்காவில் இந்தச் சிறுநிலையங்களுக்கு உச்ச அனுமதி 100 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் சக்தி. ஐந்தாறு கிலோமீட்டர் எட்டினால் அதிகம், ஆனாலும் ஓர் ஊருக்குப் போதும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "நமக்கும்தான் மலை இருந்துச்சு, ரேடியோ இருந்துச்சு, யூனிவர்சிட்டியும் இருந்துச்சு. நம்ம பாட்டு மட்டும் எங்க போச்சு?"

இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ரேடியோ மலாயா 1946இல் தொடங்கியபோதே அதில் தமிழ் இருந்தது. 1948இல் அவசரகாலம் வந்தபிறகு அரசாங்கமே புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சமூக வானொலிப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தது. மக்கள் கம்யூனிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாதே என்ற அக்கறை. நம் காதுக்கு ரேடியோ எட்டாமல் இல்லை. இன்றைக்குப் பிரிஞ்சாங் மலையுச்சிக்குப் போ, போகிற வழியெல்லாம் தேயிலை, உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததில் பெரும்பங்கு மெட்ராஸ் சினிமாப் பாட்டு. குறை சொல்லவில்லை, நானும் கேட்டு வளர்ந்தவன்தான். தியாகராஜ பாகவதர் முதல் டி.எம்.எஸ். வரை லயத்து வாசலில் வந்து பாடிவிட்டுப் போனார்கள். ரெ. சண்முகம் போன்ற வானொலிக் கலைஞர்கள் உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள், அதற்கு அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த உள்ளூர்ப் பாட்டும் பெரும்பாலும் மெல்லிசை மேடையின் பிள்ளையாகத்தான் வளர்ந்தது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, தப்புக்கு ஆடுகிற பாட்டு, சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களை நினைத்து அழுத பாட்டு, இவற்றைப் பாடிய அதே கிழவியைக் கூட்டிவந்து வாரா வாரம் மைக் முன் உட்காரவைக்கிற ஓர் அங்கிள் ஜிம்மி வழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை.

பல்கலைக்கழகமும் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இலேயே வந்துவிட்டது. முதல் உலகத் தமிழ் மாநாடே 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. நம் அறிஞர்கள் பாட்டைச் சேகரித்தார்கள், அச்சிட்டார்கள். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்கள் பாட்டுகளை அரும்பாடுபட்டுத் தொகுத்தார், தமிழ்நாட்டில் நா. வானமாமலை அந்த வேலைக்கே ஒரு பள்ளியை உண்டாக்கினார். அவர்கள் இல்லாவிட்டால் வரிகளும் போயிருக்கும். ஆனால் தமிழ்ப் படிப்பு நாட்டுப்புறப் பாட்டை இலக்கியமாகத்தான் பார்த்தது. உவமை இருக்கிறதா, சமூகச் செய்தி இருக்கிறதா என்று தேடியது. ராகம், தாளம், எங்கே மூச்சு எடுத்தாள், எந்த இடத்தில் குரலை உடைத்தாள் என்பது புத்தகத்தில் ஏறவில்லை. பாதிப் பாட்டைத்தான் காப்பாற்றியிருக்கிறோம் என்பது என் கட்சி.

கார்ட்டர் குடும்பத்துக் கதையில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலை மலையாகப் போனபோது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞரையும் கூட்டிப்போவார். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர் ரிடில். கார்ட்டர் வரியை எழுதிக்கொள்வார், மெட்டை மனதில் வாங்கிக்கொள்வது ரிடிலின் வேலை. வீட்டுக்கு வந்து அவர் வாசித்துக் காட்டுவார், குடும்பம் கற்றுக்கொள்ளும். வரிக்கு நோட்டுப் போதும், மெட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.

அதே கதையில் ஓர் அநியாயமும் உண்டு. சேகரித்த பாட்டுகளின் உரிமை கார்ட்டர் பேரில் பதிவானது, பதிப்பு வருமானத்தில் பங்கு ரால்ஃப் பியருக்குப் போனது. பாடிக் காட்டிய கிராமத்தாருக்கும் ரிடிலுக்கும் பேரில்லை. 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிப் போய்ப் பதிவு செய்யும்வரை ரிடில் யாரென்றே வெளியுலகத்துக்குத் தெரியாது. இசைத்தட்டுக் கம்பெனிகளும் வெள்ளையர் பாட்டை ஒரு பட்டியலிலும் கறுப்பினத்தவர் பாட்டை வேறு பட்டியலிலும் போட்டுத்தான் விற்றன, வாசித்தது ஒரே பாஞ்சோவாக இருந்தாலும்.

நம் பக்கம் மட்டும் சுத்தமா? தப்பு அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக, சாவு வீட்டுக்கு மட்டும் உரியதாக, கப்பலிலேயே ஏறி வந்தது. தோட்டத்து லயங்களிலும் அந்தக் கோடு இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை படித்து வெளியேறியதும் அதைத் தொட மறுத்தால் நாம் வருத்தப்பட உரிமை இல்லை. இன்னொரு பக்கம், மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் எத்தனை, பார்த்தாயல்லவா. தைப்பூசத்தில் இருபது வயதுப் பையன்கள் தோள் வலிக்க வாசிக்கிறார்கள். நம் இளைஞர்களுக்கு இதில் ஆசையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தமிழில் இது முடியும் என்பதற்கு மதுரையே ஆதாரம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைகளைக் கற்பித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவர் நவநீதகிருஷ்ணனோடு கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்தார். பதிந்ததோடு நிற்கவில்லை. பேராசிரியரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடினார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அகில இந்திய வானொலி கர்நாடக வித்துவானுக்குப் போலவே நாட்டுப்புறப் பாடகருக்கும் குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுக்கிறது. அங்கே ஏணி ஒன்று இருக்கிறது. ஏறுகிறவர் குறைவு, அது வேறு வழக்கு.

இங்கே மலையில் நேரம் அதிகமில்லை. கையால் கொழுந்து எடுப்பது இப்போது பெரும்பாலும் இயந்திரம் போகாத செங்குத்துச் சரிவில்தான். மற்ற இடத்தில் ஆளுக்கொரு பக்கமாக இருவர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த மோட்டார் சத்தத்தில் பாட முடியாது. பிடிக்கிறவர்களும் இப்போது பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் போனில் அவர்கள் ஊர்ப் பாட்டு. நம் பாட்டு இருப்பது தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற எழுபது, எண்பது வயதுப் பெண்களிடம் மட்டும்தான்.

நீ படிக்கிற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளெடுத்து எட்டுப் பேர் கொண்ட ஒரு தோட்டப்பாட்டுக் குழு, அதற்குப் பாட மதிப்பெண், மின்னல் எஃப்எம் வானொலியில் மாதம் ஒரு அரைமணி நேரம் நேரடியாக. இதற்குக் கட்டடம் வேண்டாம், அமைச்சர் வந்து குத்துவிளக்கு ஏற்றவும் வேண்டாம். ஒரு விரிவுரையாளர் எழுதிக் கேட்க வேண்டும், ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சரி என்று சொல்ல வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம்பிக்குச் சொன்னதை இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது டிவியை அணைத்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். முதலில் அவர் பேர், தோட்டத்தின் பேர், பாட்டை யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். மறந்த வரியை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். வெளியில் போடுவதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேளுங்கள். அப்புறம் அந்தப் பாட்டை நீங்களே ஒரு முறை அவர் எதிரில் பாடிக் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவர் சொல்வார், அதையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.